பெட்டியா, கேசட்டா

— அந்த கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பெட்டியோட ஸ்க்ரூவை முடுக்கிட்டீங்களா, மெக்கானிக்?

— முடுக்கினேன், டாக்டர். முடுக்கினதும் சத்தம் சுத்தமாயிடுச்சு. பதறிப்போய் மறுபடி அரைச்சுத்து தளர்த்திட்டேன். நீங்க ஊரெல்லாம் ‘உறுமல், உறுமல்’னு சொல்லிட்டுத் திரியிறீங்களே, அது அந்த ஸ்க்ரூதான். பின்பக்கத் தகடு லேசா ஆடுது, ஸ்பீக்கர் காகிதத்துல ரெண்டு விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். அதான் விஷயம்.

— அப்படிக் கொச்சையாச் சொல்லக்கூடாது. எங்க பேண்டு ரசிகர் வட்டத்துல அதைப் பத்தி நாற்பது பக்கத்துல கட்டுரை வந்திருக்கு.

— யார் எழுதினது?

— நான்தான். நுணுக்கமாப் பார்த்தா, பழைய ரேடியோவுல இருக்கற மாதிரி அந்த வால்வு முழுசாச் சூடேறுறதுக்கு முந்தி ஒரு சில விநாடி மின்சாரம் தயங்குது. அந்தத் தயக்கம்தான் அந்த ஒலியோட ஆன்மா.

— மின்சாரம் தயங்கினா லைன்மேனைக் கூப்பிடணும், டாக்டர். கட்டுரை எழுதக்கூடாது.

— அந்த பேண்டோட ட்ரம்மருக்கே போன வருஷம் கடிதம் போட்டேன், தெரியுமா? இந்த உறுமல் இருக்கற அந்தப் பாட்டோட ஆரம்பத்துல, கிட்டார் மட்டும் தனியா வர்ற இருபது விநாடியை எப்படிப் பதிவு செஞ்சீங்க, பெட்டி எந்தச் சுவரைப் பார்த்து இருந்துது, பதினெட்டுக் கேள்வி.

— பதில் வந்துச்சா?

— வந்துது. ஒரே வரி.

— என்னன்னு?

— ‘எந்தப் பாட்டு?’ன்னு.

— நல்ல மனுஷன்.

— சிரிக்காதீங்க. மேதைகளுக்குத் தாங்க செஞ்சது ஞாபகம் இருக்காது.

— போன மாசம் என் வாயில ஒரு பல்லுக்குக் குழி அடைச்சீங்களே, எந்தப் பல்லுன்னு ஞாபகம் இருக்கா?

— கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தினது.

— பாருங்க, அப்ப நீங்க மேதை இல்ல. நான் பிழைச்சேன். சரி, விஷயத்துக்கு வருவோம். இது உங்களுக்கு நான் செய்யற நாலாவது பெட்டி. முதல் பெட்டியில சூடு இல்லைன்னீங்க. ரெண்டாவதுல ஈரம் இல்லைன்னீங்க. மூணாவதுல என்னவோ சொன்னீங்களே...

— தனிமை.

— ஆங், தனிமை இல்ல. நானும் கடைகடையா ஏறி இறங்கினேன், தனிமைங்கிற பேர்ல ஒரு பார்ட்டும் எவனும் விக்கல. அதனாலதான் இன்னைக்கு ஒரு முடிவு கட்டிடலாம்னு ஒரிஜினல் கேசட்டையே கொண்டு வரச் சொன்னேன். கொண்டு வந்தீங்களா? கையில என்ன, பல்செட் டப்பாவா?

— டப்பா பல்செட்டோடது. உள்ளே கேசட்டு. பஞ்சை மெதுவா எடுங்க.

— ஏயப்பா, குழந்தையைச் சுத்தி வெச்ச மாதிரி. என்ன இது, மேல ‘தொடாதே’ன்னு எழுதியிருக்கு?

— அண்ணன் கையெழுத்து. எனக்காக எழுதினது. அப்ப எனக்குப் பதினொரு வயசு.

— தொட்டீங்களா?

— அவன் வெளியே போனதும் தொடுவேன். திரும்பி வந்து டேப்பு எங்கே நிக்குதுன்னு பார்த்துக் கண்டுபிடிச்சுடுவான். ஒரு குட்டு. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து கேப்போம்.

— என் அண்ணன் குட்டோட நிறுத்திக்குவான். கேக்க விடமாட்டான்.

— சட்டைக்கையை முழங்கைக்கு மேல மடிச்சு விட்டுட்டுக் கேக்கணும். அது அவன் போட்ட சட்டம். மூணாவது மீட்டல் வரும்போது கையில முடி நிக்கும். யாருக்கு முதல்ல நிக்குதுன்னு போட்டி. ஒவ்வொரு தடவையும் அவன்தான் ஜெயிப்பான்.

— அதான் விஷயமா! ஒவ்வொரு பெட்டியைக் கேக்கும்போதும் நீங்க முழங்கையை முழங்கையைப் பார்ப்பீங்க. ஏதோ சொறின்னு நினைச்சேன். அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே, ரெண்டு கையா இருந்திருக்கும்.

— அண்ணன் இல்ல. பதினாலு மாசமாச்சு.

— ஐயோ. என்ன டாக்டர் இது! ஒரு வார்த்தை சொல்லலையே! நீங்க முதல் பெட்டிக்கு வந்ததே...

— அதுக்கு அடுத்த வாரம்.

— மூணு பெட்டி செஞ்சு கொடுத்திருக்கேன், அப்பகூடச் சொல்லலையே.

— பெட்டியைப் பத்தித்தானே பேசினோம்.

— எப்படி ஆச்சு?

— குளிக்கப் போனவன் விழுந்துட்டான். போன் வந்தப்போ நான் ஒருத்தருக்கு ரூட் கேனால் பண்ணிட்டிருந்தேன். பாதியில விட முடியாது. துல்லியமா முடிச்சு, அடைச்சு, மாத்திரை எழுதிக் கொடுத்து, கை கழுவிட்டுப் போனேன். எல்லாரும் நெஞ்சுரம்னாங்க. அண்ணி என்னைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் அவங்க முதுகைத் தட்டிட்டே மேல ஃபேன் ஒரு பக்கமாச் சாஞ்சு ஓடறதைப் பார்த்துட்டு இருந்தேன். பிளேடை சரி பண்ணச் சொல்லணும்னு தோணுச்சு.

— அதிர்ச்சி, டாக்டர். அப்படித்தான் இருக்கும்.

— நான் ஊசி போடறேன், மரத்துப்போகுது. ஆளு கன்னத்தைக் கடிச்சுக்குவான், ரத்தம் வரும், அவனுக்குத் தெரியாது. ரெண்டு மணி நேரத்துல சரியாயிடும்னு சொல்லித்தான் அனுப்பறேன். எல்லாருக்கும் சரியாயிடுது.

— அதுக்கப்புறம் இந்தக் கேசட்டைக் கேட்டீங்களா?

— இல்ல. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டேப்பு தேயும். அதுல என்ன மிச்சம் இருக்கோ அது இருக்கட்டும். இன்டர்நெட்டுல அந்தப் பாட்டு கிடைக்குது, கேட்டேன். ஒண்ணும் ஆகல. கம்ப்யூட்டருக்குள்ள போனதும் எந்தப் பாட்டும் செத்துடும், அது தெரிஞ்ச விஷயம்தான். அதனாலதான் பெட்டி செய்யச் சொன்னேன். தினப்படிக்கு யாரையாவது வாசிக்க வெச்சுக் கேக்கப் பெட்டி இருந்தா, கேசட்டு பத்திரமா டப்பாவுல இருக்கும். என்னைக்காவது ரொம்ப வேணும்னா அது இருக்குன்னு எனக்குத் தெரியும். அது போதும்.

— அப்ப இன்னைக்கு ஓட்ட வேண்டாமா?

— இன்னைக்கு மட்டும். உங்க பெட்டி சரியா வந்துதான்னு தெரியணுமே. அதுக்கப்புறம் தொடவே மாட்டேன்.

— ஏங்க! மைக்கு ஒயர் கட்டில் காலுல மாட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. இழுத்தா ஸ்டூலோட பெட்டி வருது.

— இழுக்காதே, வர்றேன்! பாருங்க டாக்டர், உங்களுக்காக எங்க படுக்கை அறையையே ஸ்டுடியோ ஆக்கிட்டேன். வீட்டம்மா நேத்துப் பூரா கிட்டார்ல அந்த இருபது விநாடியைப் பழகியிருக்கா. பள்ளிக்கூடத்துல அறுபது பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கறவ, கை சுத்தம்.

— டீச்சர், வணக்கம். நான் எழுதிக் கொடுத்த குறிப்பு புரிஞ்சுதா?

— புரிஞ்சுது டாக்டர். ‘இந்த இடத்தில் விரல் வருந்த வேண்டும்’னு எழுதியிருந்தீங்க. அந்த இடத்துல கம்பி ரொம்ப விறைப்பா இருக்கு, விரல் தானாவே வருந்துது. கேட்டுக்கோங்க, கம்பி பழசு. நான் இவர்கிட்ட மாத்துங்கன்னு சொன்னேன்.

— பழசுதான் வேணும்! புதுக் கம்பி பளபளன்னு பேசும். அந்தக் காலத்துல அவங்க கம்பி மாத்தவே மாட்டாங்க, நான் விசாரிச்சிருக்கேன்.

— உங்க இஷ்டம்.

— இப்ப சோதனை எப்படின்னா, டாக்டர், நானும் நீங்களும் இங்கே கடையில. அவ உள்ளே கிட்டாரும் உங்க கேசட்டுமா, கதவு சாத்தியிருக்கும். கேசட்டும் சரி, நம்ம பெட்டியில அவ வாசிக்கறதும் சரி, அதோ அந்த ஒரே ஸ்பீக்கர் வழியாத்தான் வரும். கேசட்டுன்னா பின்னாடி உஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் இருக்கும்ல? வெத்துக் கேசட்டு ஒண்ணை ஓட்டி, அதே இரைச்சலை எல்லாத்துக்கும் அடியில போட்டுட்டேன். இரைச்சலை வெச்சு நீங்க கண்டுபிடிக்க முடியாது.

— பிரமாதம். இது விஞ்ஞானம். டீச்சர், விதியைச் சொல்லிடறேன். மொத்தம் மூணு தடவை. எது முதல்ல, எது பின்னாலங்கிறது உங்க விருப்பம். மூணுல ஒண்ணாவது கேசட்டு, ஒண்ணாவது கிட்டார். மூணும் முடியற வரைக்கும் கதவைத் திறக்கக்கூடாது. முக்கியமா, பேசக்கூடாது. உங்க குரலை வெச்சே நான் கண்டுபிடிச்சுடுவேன்.

— முப்பது வருஷமா என் குரலை வெச்சு இவர் எதையும் கண்டுபிடிச்சதில்ல. சரி, சாத்திக்கிறேன்.

— உக்காருங்க டாக்டர். பெட்டி சூடேற ரெண்டு நிமிஷம் ஆகும். சட்டையை மடிச்சாச்சா?

— ஃபேனை நிறுத்துங்க. காத்துல முடி நின்னா கணக்குல சேராது.

— நிறுத்திட்டேன். இருங்க, உள்ளே பட்டுன்னு ஏதோ சத்தம் கேட்டுதே?

— கேட்டுது.

— கொசு பேட்டா இருக்கும்.

— ஏங்க! இங்க ஒரு...

— பேசாதேன்னு சொன்னாரா இல்லையா?

— இல்லீங்க, இந்த...

— டீச்சர், தயவுசெஞ்சு! ஒரு வார்த்தை வந்தாலும் சோதனை கெட்டுடும்!

— சரி. கேட்டுக்கோங்க, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது. ஆரம்பிக்கிறேன்.

— வருது... ஆகா. டாக்டர், இதைக் கேளுங்களேன்...

— ஷ்ஷ். மூணாவது மீட்டல் வரப்போகுது. இதோ.

— முடிஞ்சுது. கை என்ன சொல்லுது?

— பெட்டி.

— அதுக்குள்ளேயா?

— சந்தேகமே இல்ல. நுணுக்கமாப் பார்த்தா எல்லாம் இருக்கு. உறுமல் இருக்கு, தயக்கம் இருக்கு. பல்செட் மாதிரி. வரிசை சரி, நிறம் சரி, கரும்பைக்கூடக் கடிக்கும். வேர் கிடையாது. உள்ளே ஆள் இல்ல, மெக்கானிக்.

— எனக்கு நல்லாத்தான் கேட்டுது. இருங்க, ரெண்டாவது ஆரம்பிச்சுட்டா.

— ம்.

— ...ஆச்சு. இது?

— இதுவும் பெட்டி. பிணத்துக்குப் பவுடர் பூசின மாதிரி.

— இந்தப் பெட்டிக்கு மட்டும் எட்டு மாச உழைப்பு, டாக்டர். கொஞ்சம் பார்த்துப் பேசுங்க. போகட்டும், ரெண்டும் பெட்டின்னா மூணாவது கேசட்டு. வரிசை வெளிய வந்துடுச்சு.

— ஆமா. மூணாவது கேசட்டுதான்.

— என்ன, இன்னொரு கையையும் மடிக்கிறீங்க?

— ரெண்டையும் பார்த்துக்கறேன். அந்த மேசை விளக்கைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. இன்னும் கிட்ட. போதும்.

— ஆரம்பிச்சுடுச்சு.

— அண்ணன் இந்தப் பக்கம்தான் உக்காருவான். பேசாம இருங்க.

— நீங்கதானே பேசறீங்க.

— ஷ்ஷ். மூணாவது மீட்டல்... இதோ.

— டாக்டர்? முடிஞ்சு அரை நிமிஷமாச்சு. நின்னுதா?

— பெட்டி.

— எது பெட்டி?

— இதுவும்.

— அது எப்படி முடியும்? மூணுல ஒண்ணாவது கேசட்டுன்னு நீங்கதானே விதி போட்டீங்க? இருங்க, இருங்க. அதான் விஷயம்! கேசட்டு வந்திருக்கு, அதையே என் பெட்டின்னு சொல்லியிருக்கீங்க! அப்ப என் பெட்டியும் ஒரிஜினலும் ஒண்ணு! நாற்பது பக்கம் கட்டுரை எழுதின காதுக்கே வித்தியாசம் தெரியல! ஜெயிச்சுட்டேன் டாக்டர்! தனிமையைக்கூட எப்படியோ உள்ளே போட்டுட்டேன் போலிருக்கு!

— டீச்சர் விதியை மறந்துட்டாங்க. மூணு தடவையும் கிட்டார்தான் வாசிச்சாங்க.

— அவ மறக்க மாட்டா. கல்யாணத்தன்னைக்கு நான் என்ன பேசினேன்னு இன்னும் சொல்லிக்காட்டுவா.

— கேசட்டா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியாட்டியும் கைக்குத் தெரிஞ்சிருக்கும்.

— சந்தேகம் எதுக்கு, கூப்பிட்டுக் கேட்டுடலாம்.

— வேண்டாம்.

— ஒரு நிமிஷ வேலை.

— கேக்க வேண்டாம், மெக்கானிக். பெட்டியில ஏதோ ஒண்ணு குறையுது. அவ்வளவுதான். அஞ்சாவது பெட்டி செய்யலாம். ஸ்க்ரூவை இன்னும் கால் சுத்து தளர்த்திப் பாருங்க.

— ஏன் சட்டைக்கையை இறக்கி விட்டுட்டீங்க? பித்தானைத் தப்பாப் போடறீங்க பாருங்க, ஒண்ணு மேல இருக்கு.

— அந்த டப்பாவை இப்படிக் கொடுங்க. பஞ்சு எங்கே? கேசட்டை வெச்சு மூடிடறேன். கேசட்டை மட்டும் கதவு வழியா நீட்டச் சொல்லுங்க. பேச வேண்டாம்னு சொல்லுங்க.

— என்ன டாக்டர் நீங்க, சின்னப் பிள்ளை மாதிரி. ஏய், முடிஞ்சுடுச்சு! வெளிய வா! எது கேசட்டு, எது கிட்டாருன்னு நீயே சொல்லு!

— இப்பவாவது நான் பேசலாமா? ஆரம்பிக்கும் முன்னாடியே கம்பி அறுந்துபோச்சுன்னு சொல்ல வந்தா, ரெண்டு பேருமாச் சேர்ந்து வாயை அடைச்சுட்டீங்க. அதனால மூணு தடவையும் டாக்டரோட கேசட்டையேதான் ஓட்டினேன்.