இருபத்து மூன்று பூச்சு

மத்தியானம் மூன்றே முக்கால் மணி. ராத்திரிகூட இல்லை, கவனித்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில். பேருந்து அவளை இறக்கிவிட்டுப் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது. அங்கிருந்து அந்த வீட்டுக்கு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் மரங்கள். எதிரே ஒரு சைக்கிள்கூட வரவில்லை.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது.

அவள் என்னோடு வேலை பார்க்கிறவனின் கூடப்பிறந்த அக்கா. அவன் வாயால் ஒரே ஒரு முறைதான் கேட்டேன். மறுபடி கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறான்.

பழைய வீடுகளின் சுவரைச் சுரண்டிப் பார்ப்பதுதான் அவள் தொழில். சின்னக் கத்தியால் ஒவ்வொரு பூச்சாக எடுத்து, கட்டினவர்கள் முதன்முதலில் என்ன நிறம் அடித்திருந்தார்கள் என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பாள். வீட்டில் அவளுக்குப் பெயரே 'சுரண்டி'. விருந்துக்குக் கூப்பிட்டால்கூடச் சாப்பாட்டைப் பார்க்க மாட்டாள், அந்த வீட்டுச் சுவரைத்தான் பார்ப்பாள்.

இந்த வீடு பதினோரு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. வாங்கினவர் அதை விடுதியாக்கப் போகிறார். பழைய நிறமே மறுபடி வேண்டும் என்று அவளை அனுப்பியிருந்தார்.

காவல்காரர் கதவைத் திறந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். அவருடைய அப்பாவும் அங்கேதான் காவல் இருந்தாராம்.

"அஞ்சு மணிக்குள்ள வந்துடுறேம்மா. கீழ இருக்கற அறைங்களையே பாத்துட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்து ஏதோ வாங்கப் போய்விட்டார்.

உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மாடிப்படியின் கைப்பிடி ஒரே மரத்தில் இழைத்தது. எங்கேயும் ஒட்டு இல்லை, பாம்பு மாதிரி வளைந்து மேலே போகிறது. கதவுகளுக்கு மேலே வண்ணக் கண்ணாடி. தரையில் சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சம் சிந்திக் கிடக்கிறது. ஆளுயரக் கண்ணாடிகள், ஓரத்தில் ரசம் போய்ப் புள்ளி விழுந்தவை. நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி. ஒன்றை விலக்கினாள், தூங்குகிற பிள்ளையின் போர்வையை விலக்குவது போல. கால்களில் அத்தனை நுணுக்கமான வேலை. "இதைச் செஞ்சவன் கையைக் கண்ணுல ஒத்திக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளாம். சந்தோஷம் அவளுக்கு. அதுதான் வினை.

கீழ் அறைகளில் நான்கு பூச்சுதான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மயிரிழை போலக் கறுப்பாக ஒரு கோடு. வருடக்கணக்கில் படிந்த தூசியும் விளக்குப் புகையும். அந்தக் கோட்டை வைத்துத்தான் எத்தனை வருட இடைவெளி என்று சொல்வார்கள். அரை மணியில் வேலை முடிந்துவிட்டது.

மாடிக்குப் போனாள்.

கடைசியில் மூலை அறை. கதவைத் தள்ளியதுமே... வாசனை. புதுப் பெயிண்ட் வாசனை. எண்ணெய் கலந்து, மூக்கில் ஏறுகிற வாசனை. பதினோரு வருடமாக யாரும் தொடாத வீட்டில்.

ஒரு கண்ணாடி மேசை, காலிப் புத்தக அலமாரி, மேற்கே ஒரு ஜன்னல். சுவர் வெளிர் மஞ்சள். ஜன்னலுக்குப் பக்கத்தில் நாலங்குலச் சதுரம் ஒன்றைக் குறித்துக்கொண்டு கத்தியை வைத்தாள்.

சர்ர்க்... சர்ர்க்...

நான்கு பூச்சு போயிற்று. எட்டு. பன்னிரண்டு. எல்லாம் அதே வெளிர் மஞ்சள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். நடுவில் கறுப்புக் கோடே இல்லை. அதாவது, ஒன்று காய்வதற்குள் அதன் மேல் இன்னொன்று. சில பூச்சுகள் ஈரத்தில் சுருங்கி, பால் ஆடை மாதிரி மடிந்திருந்தன. யாரோ இந்தச் சுவருக்கு நிற்காமல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கீழே எங்கேயும் இப்படி இல்லை.

அவள் அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

இருபத்து மூன்றாவது பூச்சுக்குக் கீழே நிறம் தெரிந்தது. மயில்கழுத்து நிறம். அதில் தங்கக் கோட்டில் கொடி ஓடுகிறது. இத்தனை வருடத் தொழிலில் அப்படி ஒரு நிறத்தை அவள் பார்த்ததில்லை. ஆசையாக விரலை வைத்தாள்.

விரலில் ஒட்டியது.

ஈரம்.

கத்தியை எடுத்துவிட்டாள். சத்தம் நிற்கவில்லை... சர்ர்க். இன்னும் ஒரு தடவை... சர்ர்க். பிறகுதான் நின்றது.

எதிரொலி என்று நினைத்தாள். நாம் எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். சரிபார்க்க மூன்று தடவை சுரண்டிவிட்டுக் கையை எடுத்தாள். சுவருக்குள்ளே மூன்று தடவை கேட்டது. கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் நான்காவது.

ஜன்னலைத் திறந்து தலையை நீட்டி, சுவரின் அந்தப் பக்கம் பார்த்தாள். அறை எதுவும் இல்லை. மாடியின் வெளிச்சுவர் அது. கீழே புல். அவ்வளவுதான்.

தலையை உள்ளே இழுத்துத் திரும்பினாள். அவளுடைய சதுரத்துக்கு ஒரு சாண் தள்ளி, சுவரிலிருந்து மஞ்சள் சுருள் ஒன்று மெதுவாக எழும்பி, உரிந்து, தரையில் விழுந்தது. அடுத்தது. அடுத்தது. நிதானமாக, ஓரம் பிசகாமல்... அங்கே இன்னொரு சதுரம் உருவாகிக்கொண்டிருந்தது. நாலங்குலம். உள்ளேயிருந்து.

பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

படியின் அடியில் காவல்காரர் மேல் மோதிக்கொண்டாள். அவள் விரலில் இருந்த நிறத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அடி வரைக்கும் போயிட்டீங்களா?"

"ஆமாண்ணே..."

"எவ்ளோ?"

"நாலங்குலம்."

கொட்டகைக்கு ஓடி ஒரு வாளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க கிளம்புங்கம்மா. இருட்டறதுக்குள்ள ரோட்டுக்குப் போயிடுங்க."

வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் அந்த மனுஷர் தனியாகப் படியேறுவதைப் பார்த்ததும் போக மனசு வரவில்லை. "இன்னொரு பிரஷ் இருக்கா?" என்று கேட்டாளாம். சுரண்டிதான், ஆனால் நெஞ்சில் ஈரம் உள்ளவள்.

இரண்டு பேரும் பூசினார்கள். ஒரு பூச்சு முடிவதற்குள் அதன் நடுவில் கடுகளவு மயில்கழுத்து நிறம் எட்டிப் பார்க்கும். அதன் மேல் இன்னொன்று. அவர் ஒரு முறை மட்டும் மெல்லச் சொன்னார்: "எங்கப்பா ரெண்டு நாள் விடாம பூசினாரு. நான் வாளி தூக்கிட்டு நின்னேன்."

"உள்ள என்னண்ணே இருக்கு?"

"தெரியாதும்மா. அவருக்கும் தெரியாது. வெளிய வரணும்னு பாக்குது. அவ்ளோதான் தெரியும்."

ஒன்பதாவது பூச்சில் அடங்கியது.

அவள் தன் அறிக்கையில் முதன்முறையாகப் பொய் எழுதினாள். மூலை அறைச் சுவர் பலவீனமாக இருக்கிறது, யாரும் தொடக் கூடாது என்று. வாங்கினவர் அதைப் படித்தாரா இல்லையா, தெரியாது. நாலு மாதத்தில் விடுதி திறந்தாயிற்று. புதுக் காவல்காரர்கள் வந்தார்கள். கிழவரை அனுப்பிவிட்டார்கள்.

ஒரு நாள் அவர் அவளுக்குப் போன் செய்தார். "மனசு கேக்கலம்மா. கனவுல அந்தச் சத்தம்தான். பின்பக்கமா போய் ஒரு கை பூசிட்டு வந்துடுறேன்." வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள்... மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை.

ஐந்தாம் நாள் விடுதிக்கே போன் போட்டாள். வரவேற்பில் இருந்த பெண் எடுத்தாள்.

"மாடியில மூலை அறை இருக்குல்ல... அதைக் கொஞ்சம் திறந்து பாக்க முடியுமா?"

"அதுல ஆள் இருக்காங்களே மேடம். அஞ்சு நாளா. உள்ள தாழ் போட்டிருக்கு."

"யாரு?"

"தெரியல மேடம். நாங்க சாவியே கொடுக்கல. முதலாளிக்கு வேண்டப்பட்டவங்களா இருக்கும்னு விட்டுட்டோம்."

"உள்ள ஆள் இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நடக்கற சத்தம் கேக்குதே. ராத்திரி பகல் எந்நேரமும். ரெண்டு பேர் மேடம். ஒருத்தர் செருப்பு போட்டிருக்கார், தரையில தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கறார். இன்னொருத்தர் வெறுங்கால்..."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆனா மேடம்... அந்த வெறுங்கால் சத்தம் தரையில கேக்கல. சுவத்துல கேக்குது."