கூடி வந்த எலும்பு

கேப்பைக் களியைக் கட்டி தட்டாமல் கிண்ட எனக்கு நன்றாக வரும். மனைவி இறந்த பிறகு கற்றுக்கொண்டது. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடுகிறேன். வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைப்பேன். சாப்பிட இசைவாணி இருந்தாள். ஒரே மகள்.

அவள் உயரம் தாண்டுகிறவள். சென்னையில் விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. சந்தோஷம்தான். துணிமணி அடுக்கிக்கொண்டிருந்தவள் முதுகு வலி தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். விழுப்புரத்தில் எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். முதுகை வில்லாக வளைத்து வளைத்துத் தாண்டியதில் கீழ்முதுகு எலும்பில் விரிசல். விளையாடுகிற பிள்ளைகளுக்கு வருவதுதான், பெல்ட் போட்டு ஓய்வில் வைத்தால் கூடிவிடும், முதுகைப் பின்னால் மட்டும் வளைக்கக் கூடாது என்றார்.

அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. நான் தலை வாரிவிடுவேன், அவள் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். மண்டியிலிருந்து வரும்போது வீட்டில் விளக்கு எரியும். உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. இருட்டு வீட்டுப் பூட்டைத் தடவித் திறந்தவனுக்குத் தெரியும்.

பிறகு டாக்டர், எலும்பு கூடி வருகிறது, சீக்கிரமே விடுதிக்குப் போகலாம் என்றார். திரும்பும் பஸ்ஸில் அவள் முணுமுணுவென்று பாடிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் அவளிடம் சொன்னேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், இனி சாயங்காலம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு முதுகைப் பின்னால் வளைத்துப் பழக வேண்டுமாம் என்று. நம்பினாள். வளைந்தாள். விழுந்துவிடாமல் நான் பக்கத்திலேயே நின்று பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதுப்பா," என்றாள்.

"கூடுற எலும்பு வலிக்கத்தாம்மா செய்யும். பல்லக் கடிச்சிக்கினு இன்னும் கொஞ்சம் வளை."

வளைந்தாள். கால் மரத்துப்போகிறது என்று ஒரு நாள் சொன்னாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அடுத்த நாளும் வளைக்கச் சொன்னேன். எலும்பு கொஞ்சம் நழுவினால் போதும், விடுதியில் வேண்டாமென்று சொல்லிவிடுவார்கள் என்பதுதான் என் எண்ணம். எலும்பு நம் கணக்கோடு நிற்கவில்லை, அதிகமாகவே நழுவிவிட்டது.

திரும்ப ஸ்கேன் பார்த்த டாக்டர், பெல்ட்டை யார் கழற்றியது என்று கேட்டார். விளையாட்டுப் பிள்ளை, சொன்னால் கேட்பதில்லை என்றேன். இசைவாணி என் பக்கம் திரும்பினாள்.

"நீதானப்பா, டாக்டரு வளைக்கச் சொன்னாருன்னு சொன்ன," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

டாக்டர்தான் ஸ்டேஷனுக்குச் சொல்லி உங்களை வரவழைத்திருப்பார். நான் மறுக்கவில்லை.

ஆபரேஷன் செய்து எலும்பை ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். நடப்பாள், இனி தாண்ட மாட்டாள். என்னை உள்ளே விடக் கூடாது என்று அவளே சொன்னதாக நர்ஸ் சொல்கிறார். மயக்க மருந்து அப்படித்தான் பேச வைக்கும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போட்டுவிட்டு அவளிடம் போகிறேன். அந்தப் பெண்ணுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.