கல்லுக்கு அந்தப் பக்கம் முட்டை, இந்தப் பக்கம் கிழங்கு

— மெதுவா வைய்யா, மெதுவா! முட்டை அது. செங்கல் இறக்குற மாதிரி இறக்குற.

— கல்லு வழுக்குது பெனிதா. மழை விடவே மாட்டேங்குது. ரோட்டை மறிக்கிறவங்க கொஞ்சம் சின்னக் கல்லாப் பார்த்துப் போட்டிருக்கக் கூடாதா?

— போய் எர்மினியா அக்காகிட்டச் சொல்லு. சங்கத் தலைவி உன் காலுக்கு அளவெடுத்துக் கல்லு மாத்தித் தருவா.

— ஐயோ வேண்டாம்மா. அந்தக்கா ஒரு முறை முறைச்சா என் லாரில பாதி முட்டை கீறல் விட்டுரும்.

— எங்க உன் லோடுமேன்? போன தடவையும் தனியாத்தான் வந்த.

— அவனுக்கு வயித்து வலி.

— அவனுக்கு எப்பப் பார்த்தாலும் வயித்து வலிதான். ஒரு லாரி முட்டையை நாம ரெண்டு பேரும் கைமாத்தி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் குஞ்சு பொரிச்சுடும்.

— பொரிக்கட்டும் போ. கோழியா நடந்தே கொச்சபம்பா சந்தைக்கு வந்துரும். சக்கரம்தானே கல்லைத் தாண்டக்கூடாது, காலு தாண்டலாம்னு சங்கத்துல சொல்லியிருக்காங்கல்ல?

— வாய் மட்டும் குறையலை. கீழ்நாட்டுக்காரனுக்கு உடம்புல வேலை செய்யுற உறுப்பு நாக்கு ஒண்ணுதான்னு எங்கப்பா சொல்லுவாரு.

— மலைக்காரிங்களுக்கு அது கூட வேலை செய்யாது. சொல்ல வேண்டியதை வாய் திறந்து சொல்லவே மாட்டீங்க.

— என்ன சொன்ன?

— ஒண்ணுமில்லை. அடுத்த அட்டையை வாங்கு. மேல ரெண்டு அட்டையைத் தனியா வை, அது லேசா கீறினது.

— லேசாவா? மஞ்சக்கரு ஒழுகி என் பாவாடையில வடியுது. நான் ஒண்ணு சொல்லணும் ரொசெந்தோ, கோவிச்சுக்காத. சந்தையில என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. அஞ்சு அட்டை கொண்டு போனா ஒண்ணு வீணாப் போயிருது. எதிர்க்கடைக்காரி வாலென்டினா இருக்காளே, அவ முட்டையில ஒரு கீறல் கிடையாது. உங்க கீழ்நாட்டு சாந்தா குருஸ் முட்டைதான் அதுவும். எந்த வழியாடி வருதுன்னு கேட்டா பல்லைக் காட்டுறா.

— ஏரோப்ளேன்ல வருதோ என்னமோ.

— ஏரோப்ளேன்ல வர்ற முட்டையை அந்த விலைக்கு விப்பாளா? பழைய ரோட்டுல வருதோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

— பழைய ரோடா! அது எங்க இருக்கு? எங்க ஊர்ப் பக்கம் துராஸ்னால் திருப்பத்துல மலையே சரிஞ்சு ரோட்டு மேல சப்பணம் போட்டு உக்காந்திருக்கு. எலி நுழையாது.

— நீ பார்த்தியா?

— என் ஒண்ணுவிட்ட அண்ணன் பார்த்துட்டு வந்து சொன்னான்.

— போன வாரம் பார்த்தது அத்தை மகன்னு சொன்ன.

— அவன் ரெண்டு முறைக்கும் வருவான். கீழ்நாட்டுல குடும்பமெல்லாம் அப்படித்தான் பின்னிக்கிடக்கும்.

— ஓகோ. அப்ப இங்க நின்ன லாரியெல்லாம் எங்கய்யா? முதல்ல எவ்வளவு பெரிய வரிசை! கண்ணுக்கு எட்டின தூரத்துக்கு ரெண்டு பக்கமும் லாரி. சக்கரத்துக்கு நடுவுல அடுப்பு மூட்டினாங்க, சட்டை துவைச்சுக் காயப்போட்டாங்க, சீட்டாடி அடிச்சுக்கிட்டாங்க. இன்னைக்கு உன் பக்கம் நீ, என் பக்கம் நான். வேற ஈ காக்கா இல்லை.

— வெறுத்துப்போய்த் திரும்பியிருப்பாங்க. பொறுமையில்லாத ஜனம்.

— உனக்கு மட்டும் ரொம்பப் பொறுமை.

— எனக்கு என்ன அவசரம் சொல்லு. வீட்டுல யாரு எனக்காகச் சோத்தை மூடி வெச்சுக் காத்துக்கிட்டிருக்கா?

— சரி சரி, முட்டை போதும், கொஞ்சம் கை மாத்திக்கலாம். என் மூட்டையைத் தூக்கு. ஏறு கல்லு மேல. அங்க கால் வைக்காத, அது ஆடும்.

— அடேயப்பா. என்ன இது, மூட்டையெல்லாம் செம்மண்ணா இருக்கு? உங்க மேட்டு நிலத்துல கரிசல்தானே?

— நீ கிழங்கை வாங்குறியா, மண்ணை வாங்குறியா? தூக்கு பேசாம.

— தூக்குறேன், தூக்குறேன். கேக்கக்கூடாதா?

— கேளு. கேக்க வேண்டியதை மட்டும் கேக்க மாட்ட. அப்புறம் இன்னொண்ணு. அடுத்த தடவை நான் வரலை. தங்கச்சி புருஷனை அனுப்பறேன்.

— ஏன்?

— முட்டி வலிக்குது. இந்தக் கல்லு மேல ஏறி இறங்க முடியலை.

— முட்டிக்கு ஒரு தைலம் இருக்கு. அடுத்த தடவை கொண்டாரேன்.

— அடுத்த தடவை நான் வரலைங்கிறேன்.

— அப்ப நீ கல்லு மேல ஏறாத. கீழயே உக்காந்துக்க. எல்லா அட்டையும் நானே உன் லாரி வரைக்கும் தூக்கிட்டு வர்றேன். கிழங்கையும் நானே தூக்கிக்கிறேன்.

— அப்ப நான் எதுக்கு?

— சும்மா உக்காந்திரு. திட்டிக்கிட்டு இரு.

— நல்லா இருக்கே. திட்டு வாங்கவா மலையடிவாரம் வரைக்கும் லாரி ஓட்டிக்கிட்டு வர்ற?

— பசிக்குதா? குன்யாப்பே ரொட்டி கொண்டாந்திருக்கேன். காலையில சுட்டது, சீஸ் நிறையப் போட்டு. துணிக்குள்ளதான் இருக்கு, சூடு இன்னும் போயிருக்காது.

— உனக்கு யார் சுட்டுக் குடுத்தா?

— பஸ் ஸ்டாண்டுல விக்குற பொம்பளை. ஏன், யார் சுட்டிருப்பான்னு நினைச்ச?

— நான் எதுவும் நினைக்கலை. இந்தா, இதைப் பிடி. பாட்டிலைச் சாய்க்காத. யாக்வா சட்னி. அம்மியில அரைச்சது.

— நீயா அரைச்ச?

— இல்லை, ஊர் மேயர் வந்து அரைச்சுட்டுப் போனாரு.

— பெனிதா... கீழ எல்லாரும் மிக்ஸியில போட்டு அடிக்கிறாங்க. காரம் இருக்கும், ஆனா தக்காளி வேற, மிளகா வேற, கீரை வேறன்னு தனித்தனியா நிக்கும். உன்னை விட்டுப் போனதுலேருந்து நான் ஒழுங்கா ஒரு வாய் சாப்பிடலை. இதைச் சொல்றதுல எனக்கு வெக்கமில்லை.

— சாப்பிடுறப்போ பேசாத, புரையேறும்.

— லாரியில அந்தத் திரை இன்னும் இருக்கு தெரியுமா? நீ தைச்சது. மஞ்சப் பூப்போட்ட துணி.

— பார்த்தேன். முதல் நாளே பார்த்தேன். கல்லுக்கு அந்தப் பக்கம் முட்டை வெச்சிருக்கிறவங்க யாருன்னு போன்ல லாரிக்காரங்க குரூப்புல கேட்டேன், யாரோ ஒருத்தர் நான்னு பதில் போட்டாங்க. வந்து பார்த்தா என் திரை தொங்குது. திரும்பிப் போயிடலாம்னு தோணுச்சு.

— ஏன் போகலை?

— கிழங்கு இருந்துச்சே லாரியில.

— கிழங்குக்காகத்தானா?

— நீ ஏன் அன்னைக்குப் போன? அதைச் சொல்லு முதல்ல.

— அம்மாவுக்கு முடியலைன்னு போனேன். உனக்குத் தெரியும்.

— அம்மாவுக்காகப் போனது தெரியும். அவங்களை அடக்கம் பண்ண அப்புறம் ஏன் வரலை? லாரி உனக்கு, கடை எனக்குன்னு பிரிச்சுக்கிட்டோமே, அப்பவாவது ஒரு வார்த்தை சொன்னியா?

— நீதான் "போறதுன்னா போ"ன்னு சொன்ன.

— அது போகச் சொல்றதா? அதை ஒரு பேச்சுன்னு பிடிச்சுக்கிட்டு... நான் எத்தனை நாள் லாரி சத்தம் கேட்டாலே கடையைப் போட்டுட்டு வாசலுக்கு வந்து நின்னேன்னு உனக்குத் தெரியுமா? நம்ம லாரி கியர் மாத்துறப்போ ஒரு முனகல் வருமே, அந்த மாதிரி எது முனகினாலும் ஓடி வருவேன். சந்தையே பார்க்கும்.

— பெனிதா...

— பேசாத. அந்தா, அக்கா வர்றா.

— தங்கச்சி, தம்பி, ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. இருங்க, கோக்கா இலையை ஒதுக்கிக்கிறேன், வாய் நிறைய இருக்கு. ம்ம். சங்கத்துல முடிவாயிடுச்சு. சாயங்காலம் பூமித்தாய் பச்சமாமாவுக்கு ரெண்டு சொட்டு சிச்சா, சோளக்கள்ளு, ஊத்திட்டுக் கல்லை எடுக்குறோம்.

— நீங்க கேட்ட பாலத்தைக் கட்டித் தரேன்னு அதிகாரிங்க சொல்லிட்டாங்களா எர்மினியாக்கா?

— சொல்லிட்டாங்க தங்கச்சி. கட்டுவாங்களாங்கிறது வேற கதை. கல்லு எங்கயும் போகலை, ஓரமாத்தான் உருட்டி வைக்கிறோம். கட்டலைன்னா மறுபடி நடுவுல உருட்ட எவ்வளவு நேரம்?

— கொஞ்சம் பொறுத்துப் பண்ணலாமே அக்கா? இன்னும் நாலஞ்சு நாள்... அவசரப்பட்டு எடுத்துட்டா அப்புறம் அதிகாரிங்க ஏமாத்திருவாங்க.

— பாரு இந்தத் தம்பியை! ரோடு மறிக்கிற எங்களை விட இவனுக்குப் போராட்டத்துல பிடிப்பு அதிகம். கேட்டுக்க தம்பி, மறிச்சுத்தான் என்ன ஆகப்போகுது? பழைய ரோட்டைச் சரி பண்ணதுலேருந்து எல்லா லாரியும் அந்தப் பக்கம் போகுது. உங்க ரெண்டு வண்டியை மறிக்கிறதுக்காக எங்க ஊரே மழையில நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கு. இதுங்க ரெண்டும் மட்டும் ஏன் வருதுங்கன்னு ஆளாளுக்கு என்னைத்தான் கேக்குறாங்க. நான் என்னத்தைச் சொல்ல? வர்றேன். குன்யாப்பேயா அது? ஒண்ணு எடுத்துக்கிறேன்.

— மலை சப்பணம் போட்டு உக்காந்திருக்குன்ன.

— பெனிதா, நான் சொல்றதைக் கேளு.

— எலி நுழையாதுன்ன. ஒண்ணுவிட்ட அண்ணன், அத்தை மகன். லோடுமேன் வயித்து வலி! நேரா பழைய ரோட்டுல போயிருந்தா இந்நேரம் முட்டை வித்துட்டு வீட்டுல கால் நீட்டிப் படுத்திருப்ப. என் பாவாடையும் தப்பிச்சிருக்கும்.

— ஆமா, பொய்தான். எல்லாமே பொய். லோடுமேனை நான்தான் வராதேன்னு சொன்னேன். அவன் வந்தா வேலை சீக்கிரம் முடிஞ்சுருமே.

— எதுக்குய்யா?

— எதுக்கா? பழைய ரோடு திறந்தாச்சுன்னு சொல்லிட்டா நீ இறங்குவ, நான் ஏறுவேன். எதிரெதிரே வர்றப்போ ஒரு ஹாரன் அடிப்போம், அவ்வளவுதான். லாரிக்காரன் வண்டியை நிறுத்தணும்னா டயர் வெடிக்கணும், இல்லைன்னா ரோட்டுல கல்லு கிடக்கணும். வேற என்ன காரணம் சொல்லி நான் உன் முன்னாடி நிப்பேன்? ஊரெல்லாம் இந்தக் கல்லைத் திட்டுது. நான் ஒருத்தன்தான் கடைசி வளைவு திரும்புறப்போ, கல்லு இருக்கணும், இன்னைக்கும் கல்லு இருக்கணும்னு வேண்டிக்கிட்டே வர்றேன். என்ன, சிரிக்கிறியா?

— இல்லை.

— அழுவுறியா?

— மழை. முட்டையை மூடு, நனையுது.

— நனையட்டும். இனிமே கல்லு இல்லை. நாளைக்கு நான் என்ன காரணம் சொல்லிக்கிட்டு வர்றது, அதைச் சொல்லு. எனக்கு ஒண்ணும் தோணலை.

— காரணம் கண்டுபிடிக்கிறதுல நீ ஒருத்தன்தான் கெட்டிக்காரன்னு நினைப்பா? அந்த மூட்டையை அவுரு.

— இப்ப எதுக்கு?

— அவுருன்னா அவுரு. கையை உள்ள விட்டு ஒரு பிடி மண்ணோட எடு. என்ன மண்ணு?

— செம்மண்ணுதான். அப்பவே கேட்டேன், நீதான் பேசாம தூக்குன்னு...

— இந்த ரெண்டு ரோட்டுலயும் எத்தனை வருஷமா லாரி ஓட்டுற? செம்மண்ணு எங்க இருக்குன்னு தெரியாதா உனக்கு?

— துராஸ்னால்ல... திருப்பத்து மலையில... பெனிதா, இது எப்படி உன்கிட்ட?

— பழைய ரோடு திறந்த அன்னைக்கே துராஸ்னால் கிழங்கு அந்த வழியா என் கடை வாசல்ல வந்து இறங்குச்சு. உன் ஊர்ப் பக்கம் விளைஞ்ச கிழங்கை மலையேத்தி வாங்கி, மறுபடி மலையிறக்கி, முட்டி வலிக்க வலிக்கக் கல்லைத் தாண்டி உன்கிட்டயே தூக்கிக் குடுத்துக்கிட்டிருக்கேன்யா நான்.