காற்றுப் படாத மாதம்

காலையில் எழுந்ததும் முதலில் ஃபிளாஸ்கைக் கழுவுவேன். வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, பிரஷ் விட்டுத் தேய்த்து, ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைப்பேன். எவ்வளவு தேய்த்தாலும் மூடியில் வேர் வாசனை தங்கிவிடும். பிறகு படுக்கையறை ஜன்னல் ஓரங்களில் ஒட்டியிருக்கும் டேப்பை விரலால் தடவிப் பார்ப்பேன். எங்கள் கீலுங் ஊரில் மழை ஓய்வதில்லை. ஈரத்தில் பசை விட்டுப்போகும். விட்ட இடத்தில் புதிதாக ஒட்டுவேன். அரிசி களைந்து இரண்டு பேருக்கு அளந்து போட்டு, சட்டையை இஸ்திரி செய்துகொண்டு, துறைமுக அலுவலகத்துக்குக் கிளம்புவேன்.

என் மனைவி இறந்த பிறகும் இப்படித்தான் செய்துவந்தேன். நீங்கள் அதை விசித்திரமாகப் பார்த்தீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். பழக்கம்தான், வேறொன்றும் இல்லை. பேசும்போது நீங்கள் நடுவில் நடுவில் கேள்வி கேட்கிறீர்கள், எனக்குத் தொடர்ச்சி விட்டுப்போகிறது. எழுதித் தருவது எளிது.

பாவ்யுன் அக்காவின் கடை கோயிலுக்குப் பின்சந்தில் இருக்கிறது. மடக்கு மேஜைகள், முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலிகள், வாசலிலேயே இரண்டு அண்டா. பெரிய அண்டாவில் பன்றி விலா எலும்போடு தாங்குய் வேர், பட்டை, சிவப்பு இலந்தை வற்றல் எல்லாம் போட்டுக் காய்ச்சிய கறுப்புச் சூப். சின்ன அண்டாவில் வேர் எதுவும் சேர்க்காத வெள்ளை எலும்புச் சூப். ஊர் அடங்கிய பிறகுதான் அங்கே கூட்டம். கப்பலில் சரக்கு இறக்கிவிட்டு வருகிறவர்கள், டாக்சிக்காரர்கள், சீட்டாட்டம் முடித்து வீட்டுக்குப் போக மனமில்லாதவர்கள். கறியைத் தின்று முடித்தாலும் கிண்ணத்தை நீட்டினால் சூப்பை மறுபடி ஊற்றுவார்கள், அதற்குக் காசு கிடையாது. அதனால் யாரும் சீக்கிரம் எழுந்து போவதில்லை. நானும்தான்.

கல்யாணத்துக்கு முன்பு யீஜெனை அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன். எலும்பைக் கையில் எடுத்துக் கடித்துச் சாப்பிடுவாள். டாக்சி ஓட்டும் சாய் அண்ணன் ஏதாவது சொல்வார், அவள் சிரிப்பாள். அப்படிச் சிரித்த நாட்களுக்குப் பிறகு நாங்கள் சுவரோர மேஜையில் உட்கார ஆரம்பித்தோம், அவள் முகம் சுவரைப் பார்க்கும்படி. சண்டை போட்டதில்லை. எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. அவள் வங்கியில் வேலை பார்த்தாள். மாலையில் அவள் வெளியே வரும்போது எதிர்ப்பக்கம் நான் நிற்பேன். சில நாள் மதியமும் நிற்பேன். அது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் வேலையில் கவனம் சிதறும்.

பிரசவத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு அலமாரியில் ஒரு பை இருந்தது. பிள்ளை பெற்றதும் ஒரு மாதம் அம்மா வீட்டில், ஹுவாலியனில் இருந்துவிட்டு வருகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். திறந்து பார்த்தேன். சிசுவுக்கான துணிகளுக்கு அடியில் ஒரு வயதுக் குழந்தை போடும் கம்பளிச் சட்டை இருந்தது. காலணியும் இருந்தது. பிறந்த குழந்தைக்குக் காலணி எதற்கு? ஒரு மாதத்தில் திரும்புகிறவள் கட்டிய பை இல்லை அது. நான் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் இருந்தபடியே மடித்து வைத்துவிட்டேன்.

பச்சை உடம்புக்காரியை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாதம் வீட்டு வாசல் தாண்டக் கூடாது. காற்றுப் படக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. போன் பார்த்தால் கண் கெடும், அழுதாலும் கெடும். இதில் எதுவும் நான் உண்டாக்கியதல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நேரே எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தேன். ஐந்தாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஹுவாலியன் ரயில் கடலோரமாகப் போகிறது, பச்சை உடம்புக்கு அந்தக் காற்று ஆகாது என்று அத்தையிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. போனைப் பற்றியும் சொன்னேன்.

"பிடுங்கி வைங்க மாப்ளே. சின்ன வயசுலேர்ந்தே அவ சொன்ன பேச்சு கேக்கமாட்டா. நீங்களாவது கண்டிப்பா இருக்கீங்களே."

பிடுங்கி வைத்தேன். அத்தை தானே வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் அந்த வாரம் அவர் பக்கத்து வீட்டுச் சாவுக்குப் போயிருந்தார். சாவு வீட்டுக்குப் போனவர் பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டை மிதிக்கலாமா என்று கேட்டேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது. மாதம் முடிந்ததும் வருகிறேன் என்றார். நான் நல்ல மருமகன் என்று தன் தங்கையிடம் சொன்னாராம்.

படுக்கையறைக் கதவு பழசு. காற்றில் தானாகத் திறந்துகொள்ளும். அதற்கு வெளிப்பக்கம் ஒரு கொண்டி போட்டேன்.

ராத்திரி ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன். பிள்ளை பெற்றவளுக்கு என்று யார் பாத்திரம் நீட்டினாலும் பாவ்யுன் அக்கா ஒரு கேள்வி கேட்காமல் ஊற்றமாட்டார். முதல் நாள் கரண்டியை அண்டாவின் மேல் நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"ரத்தம் நின்னுடுச்சாப்பா?"

"நின்னுடுச்சுக்கா."

"ஆம்பளைப் பேச்சு வேணாம். அவளைக் கேட்டுட்டு வந்து சொல்லு. நிக்காம இந்த வேர் உள்ள போச்சுன்னா இன்னும் இழுத்து விட்டுடும். சின்ன அண்டாவுல தரேன், அதைக் குடு."

"நின்னுடுச்சு. கறுப்பே ஊத்துங்க."

நின்றிருக்கவில்லை.

தினமும் கேட்டார், தினமும் அதே பதிலைச் சொன்னேன். அந்த வேர் ரத்தத்தை இளக்கிவிடும் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நான் கல்லூரியில் படித்தவன். தெரியாது என்று உங்களிடம் சொல்லப் போவதில்லை. ஆனால் அவள் சாக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. படி இறங்க முடியாமல் இருந்தால் போதும், அதுவும் கொஞ்ச காலத்துக்கு, மனசு மாறும்வரை. சூப்பால் யாரும் சாவதில்லை என்று உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறாராமே. சரிதான். சூப்போடு கதவும் இருந்தது.

கடையில் எனக்கு நல்ல பெயர். சாய் அண்ணன் என்னைக் காட்டி மற்றவர்களிடம் பேசுவார்.

"பாருங்கடா, பொண்டாட்டிக்கு மழையில நடந்து வந்து சூப்பு வாங்கிட்டுப் போறான். என் பெரியவன் பொறந்தப்ப நான் சீட்டாடிட்டு இருந்தேன்."

"அதான் உன் பொண்டாட்டி இன்னும் உனக்கு ஆறின சோறு போடறா," என்றார் அக்கா. "நீ வா தம்பி, உக்காரு. நீ நாலு எலும்பு கடிச்சுட்டுப் போ. மாடி ஏறணும்ல."

என் கிண்ணத்தில் ஒரு துண்டு கூடுதலாக விழும். நான் மெதுவாகச் சாப்பிடுவேன். அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு நிம்மதி. இந்த நேரத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று உறுதியாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அந்த நிம்மதி கிடைத்ததில்லை.

வீட்டில் அவள் முதலில் கதவைத் தட்டினாள். பிறகு சுவரை. பிறகு எழுந்திருக்க முடியாமல், படுத்தபடியே கரண்டியால் கிண்ணத்தைத் தட்டினாள். மெல்லிய பீங்கான் சத்தம். நான் போய்த் திறந்தால் துணி வேண்டும் என்பாள். நிறையத் துணி வேண்டியிருந்தது. துவைத்தது நான்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அழாதே, கண் கெட்டுவிடும் என்று சொன்னேன். அவளும் அதன் பிறகு அழுவதை விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்து, பரிசோதனைக்கு ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்டார். மாதம் முடியாமல் பெரியவர்கள் வெளியே விடமாட்டேன் என்கிறார்கள் என்றேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் சிரித்தார். பிறகு காய்ச்சல் வந்தது. உதடு வெளுத்தது. குழந்தைக்கு நான் மாவுப்பால் கரைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

கடைசி நாள் சாயங்காலம் அவள் என் கையைப் பிடித்தாள். அவளாகப் பிடித்து வெகு நாளாகியிருந்தது. என்னை விட்டுப் போகப் போவதில்லை என்று சொன்னாள். நான் போர்வையை இழுத்துவிட்டேன். குழந்தையை அவள் பக்கத்தில் கிடத்தினேன். கொண்டியைப் போட்டேன். படியில் இறங்கும்போது விசில் அடித்துக்கொண்டு போனதாகக் கீழ்வீட்டுக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதான்.

அன்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். சாய் அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, மாப்பிள்ளைக் களை வந்திருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே, பசி."

"பிள்ளை பெத்தது அவளா நீயா?" என்று அக்கா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சூப்பை மறுபடி ஊற்றச் சொன்னேன். எலும்பில் ஒட்டியிருந்ததைக்கூட விடவில்லை. அக்கா முக்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகுதான் ஃபிளாஸ்கை நீட்டினேன். கேட்டார். நின்னுடுச்சு என்றேன்.

வீட்டில் சத்தமே இல்லை. கொண்டியை எடுத்தேன். குழந்தை அவள் கைக்குள் அழுது ஓய்ந்து தூங்கியிருந்தது. அவள் கை குளிர்ந்திருந்தது. ஃபிளாஸ்கில் சூப் சுடச்சுட இருந்தது. கிண்ணத்தில் ஊற்றி அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, அது ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். ஆறிய பிறகும் உட்கார்ந்திருந்தேன். விடிந்துதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

அத்தை வந்து குழந்தையைத் தன் தங்கை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். நான் கடையில் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி வழக்கம்போலப் போனேன். ரத்தம் நின்னுடுச்சாப்பா என்று அக்கா கேட்டார். நின்னுடுச்சு என்றேன். அந்த ராத்திரியிலிருந்து அது பொய்யில்லை.

ஆனால் கடையில் என்னால் முன்போல உட்கார முடியவில்லை. எல்லா மேஜையிலும் கரண்டி கிண்ணத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. முன்பு அதைக் கவனித்ததில்லை. ஒவ்வொரு மேஜையாக ஆட்கள் எழுந்து போவார்கள், சத்தம் ஒவ்வொன்றாகக் குறையும். கடைசியில் நான் மட்டும் இருக்கும்போதும் ஒரு கிண்ணம் தட்டிக்கொண்டிருக்கும். விட்டு விட்டு, மெதுவாக. என் கரண்டியைக் கீழே வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. என்னப்பா தேடுற என்று அக்கா கேட்டார். யாரோ கூப்பிடுறாங்க என்றேன். அவர் சந்தின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, மழைதான் என்றார்.

இறந்தவர்கள் ஏழாம் ராத்திரி தங்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள். அவர்களுக்குப் பிடித்ததை மேஜையில் வைத்து, கதவுகளைத் திறந்து விட்டு, வீட்டார் ஓர் ஓரமாக அடங்கிப் படுத்துக்கொள்ள வேண்டும். அத்தை அதற்காக வந்திருந்தார். வாசல் கதவையும் படுக்கையறைக் கதவையும் அவரே திறந்து வைத்தார். கறுப்புச் சூப்பை நான் வாங்கி வந்து வைத்தேன். விளக்கை அணைத்தோம். கொஞ்ச நேரம் கழித்துப் படுக்கையறைக்குள் கிண்ணம் தட்டும் சத்தம் கேட்டது. சூப் இருந்தது கூடத்து மேஜையில். உள்ளே கிண்ணமே கிடையாது. நான் எழுந்து போய், கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

திரும்பினால் அத்தை நின்றுகொண்டிருந்தார்.

"கொண்டி ஏன் வெளிப்பக்கம் இருக்கு?"

"காத்து வரும் அத்தை."

அவர் கொண்டியைத் தொட்டுப் பார்த்தார். எடுத்தார், போட்டார், மறுபடி எடுத்தார். கதவின் உட்பக்கத்தை உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை தடவினார். அங்கே சில இடங்களில் சாயம் பெயர்ந்திருந்தது.

"அப்ப எம்பொண்ணு எப்படி வெளிய வருவா?"

விடியும்வரை அவர் அந்தக் கதவருகிலேயே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று. நான் எங்கயும் போகல என்று சொன்னாள் என்றேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு படியில் இறங்கினார். நேரே இந்தக் காவல் நிலையத்துக்குத்தான் வந்திருக்கிறார்.

முதல் விசாரணையில் உங்களிடமும் அதையேதான் சொன்னேன். அது பொய்யில்லை, மேடம். அவள் சொன்ன வார்த்தைதான். அவள் என்னோடு இருக்கச் சம்மதித்துவிட்டுத்தான் போனாள், அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. அந்தச் சந்தோஷத்தில்தான் அன்று அவ்வளவு சாப்பிட்டேன். ஆனால் சொன்னதை முழுவதுமாக எழுத வேண்டும் என்கிறீர்கள். எழுதிவிடுகிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது இவ்வளவுதான்:

"நான் எங்கயும் போகல, லின். சத்தியமா. டாக்டரை மட்டும் கூப்பிடு."