வுழுந்தான் மாணிக்கம் ஜெயிச்ச ஒலகம்

அட, அதுக்கெல்லாம் கோவப்பட்டா இந்த ஊருல குடித்தனம் பண்ண முடியுமாங்க? அந்தப் போர்ட்டரு கேலி பண்ணிட்டுப் போறான்னு நெனச்சுட்டீங்க. இல்ல இல்ல. எங்க வூட்டுக்காரரு பேரே இப்ப அதுதான். வுழுந்தான் மாணிக்கம். ராஜமாணிக்கம்னு கேட்டீங்கன்னா விருத்தாசலத்துல ஒருத்தனுக்கும் தெரியாது. வுழுந்தான் மாணிக்கம்னா எந்த ஆட்டோக்காரனும் நேரா எங்க வூட்டு வாசல்ல கொண்டாந்து எறக்கிடுவான். புருசன் பேர சொல்றாளேன்னு பாக்காதீங்க. ஊரே சொல்லுது, நான் ஒண்டி சொல்லாம இருந்து என்னா ஆவப் போவுது. உக்காருங்க, சேலம் வண்டி லேட்டுன்னுட்டாங்க. அவுரு டீ வாங்கப் போயிருக்காரு, அங்க பேச ஆளு கெடச்சா மெதுவாதான் வருவாரு.

எங்க வுழுந்தாருன்னா கேக்கறீங்க? கெணத்துல இல்லீங்க. குடிச்சுட்டும் இல்ல. குஸ்தியில.

அப்ப அவுருக்குக் கல்யாணம் ஆவல, எளவட்டம். இங்க பீங்கான் ஜாடி செய்யற கம்பெனியில களிமண்ணு மூட்ட தூக்கற வேல. ஒடம்புன்னா அப்படி ஒரு ஒடம்பாம். ஒரு கோடையில மணிமுத்தா ஆத்து மணல்ல குஸ்தி கம்பெனி வந்து கொட்டாய் போட்டுச்சு. அதுல மூஞ்சி தெரியாம கறுப்பு முகமூடி போட்ட ஆளு ஒண்ணு. பேரு ஹங்கேரிப் புலி. வெளிநாட்டுக்காரரு, தமிழ்ல ஒரு வார்த்த தெரியாது, இதுவரைக்கும் எவன்கிட்டயும் தோத்ததில்லன்னு மைக் கட்டுன ரிக்‌ஷா தெருத்தெருவா கத்திட்டுப் போச்சு. கடைசி நாளு உள்ளூர் ஆளு யாராச்சும் புலியோட மோதலாம்னாங்க. இவுரு எறங்கிட்டாரு. ஜாடி கம்பெனி மொத்தமும் வந்து நின்னு விசிலடிக்குது. புலிய இடுப்போட கட்டித் தூக்கிட்டாருங்க, அது காலு ரெண்டும் அந்தரத்துல. அப்படியே தரையில சாத்தப் போறாருன்னு பாத்தா, மெதுவா எறக்கி வுட்டுட்டாரு. புலி ரவ தள்ளுச்சு. இவுரு வாழமரம் சாஞ்ச மாரி மல்லாக்க வுழுந்தாரு. எழுந்திரிக்கவே இல்ல. அன்னைக்கு வெச்ச பேருங்க.

பயந்துட்டான்னாங்க. இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னாங்க. காசு வாங்கிட்டான்னுகூட சொன்னாங்க. இவுரு எல்லாத்துக்கும் ஒரே பதிலுதான். கம்பெனிக்காரங்க வுழச் சொன்னாங்க, வுழுந்தேன்னு. குஸ்தியில போயி எவனாச்சும் சொல்லி வெச்சு வுழுவானான்னு ஒருத்தரும் நம்பல.

ஒங்க பையன் கம்ப்யூட்டர வுட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்கறான்னு சொல்லி வருத்தப்பட்டீங்களே, இப்ப எங்க பையன் கதைய கேளுங்க. நந்தகுமாருன்னு ஒரே புள்ள. இங்கயே செராமிக் டிப்ளமா முடிச்சுட்டு, வேலைக்குச் சொல்லி வெச்சுட்டு சும்மா இருந்தான். கூட்டாளி ஒருத்தன்கிட்ட பழைய கம்ப்யூட்டர வாங்கியாந்து அது முன்னாடியே கெடந்தான். என்னாடா பண்றேன்னா, குஸ்தி வெளையாட்டும்மாங்கறான். பாத்தா அடிதடியே காணும். படமே ஓடல. வெறும் பேரும் நம்பருமா இருக்குது. எவன்டா அடிக்கறான், எவன்டா வாங்கறான்னு கேட்டேன். அம்மா, இதுல நான் சண்ட போடற ஆளு இல்ல, குஸ்தி கம்பெனிக்கு மொதலாளி. யாரு யாரோட மோதணும், யாரு ஜெயிக்கணும், யாரு வுழணும்னு நான்தான் மொதல்லயே முடிவு பண்ணுவேன். ஆளுக்கு ஆளு மார்க்கு இருக்குது, அத வெச்சு சண்ட எப்படி இருந்துச்சு, ஜனம் ரசிச்சுதான்னு அது சொல்லும்னான்.

இவுரு பக்கத்துல சாப்புட்டுக்கிட்டு இருந்தாரு. அப்படியே நிமுந்து, வுழறதுக்கு மார்க்கு இருக்குதாடான்னாரு.

இல்லாமயாப்பா, அடிபடாம வுழறது, அடிபட்ட மாரி காட்டறது, அதுதான் இருக்கறதுலயே பெரிய வித்தங்கறான் இவன்.

சோத்துக் கையோட எழுந்து நின்னுட்டாருங்க. எம் மூஞ்சிய பாக்கறாரு, பையன் மூஞ்சிய பாக்கறாரு, சிரிப்பு தாங்கல. மறுநாளு டீக்கடையில போயி, வுழறதும் ஒரு தொழிலு, அமெரிக்காவுல அதுக்கு மார்க்கு போடறாங்கன்னு எல்லாரையும் புடிச்சு வெச்சு சொல்லியிருக்காரு. அவுங்க என்னா பண்ணாங்க? வுழுந்தான் மாணிக்கம் எம்.ஏ.ன்னு பட்டம் சேத்து வுட்டாங்க.

ஆனா பையன் நம்பிட்டான். அப்பா சொன்னது நெசந்தான்னு அவன் மனசுல ஆணி அடிச்ச மாரி ஆயிடுச்சு. அந்த வெளையாட்டுல ஆளுங்க, கம்பெனி, வருசம் எல்லாத்தையும் நாமளே எழுதிக்கலாமாம். நடந்ததுல ஏதோ ஒரு எடத்த மாத்திட்டு, அப்படி ஆயிருந்தா அதுக்கப்பறம் என்னென்ன ஆயிருக்கும்னு புதுசா ஒரு ஒலகத்தையே கட்டலாமாம். இவன் மாத்துன எடம் எதுன்னு நெனைக்கறீங்க? அந்த ஆத்து மணலுதான். அன்னைக்கு எங்கப்பா வுழல, ஜெயிச்சுட்டாரு, அங்கேருந்து ஆரம்பிக்குதுன்னான்.

என்னமா கட்டுனாங்கறீங்க! மாசக்கணக்கா ஒக்காந்து கட்டுனான். அப்பா ஜெயிச்சதும் ஊரே திரண்டு பழமலை மல்யுத்தக் கழகம்னு ஒண்ணு ஆரம்பிச்சுடுதாம். ஆத்துக்குள்ள ஸ்டேடியம். இதே ஜங்ஷன்ல வெள்ளக்காரனுங்க பொட்டியோட எறங்கறானுங்களாம் குஸ்தி போட. பெண்ணாடத்துலேருந்து கரும்பு லோடு ஏத்தற டிராக்டர்ல ஜனம் வந்து எறங்குதாம். நெசத்துல சொரங்கம் தோண்ட நெலத்த எடுத்துக்கிட்டாங்களே, அந்தக் கம்மாபுரத்துப் பக்கம் பூமிக்கு அடியில நெலக்கரியே கெடையாது அந்த ஒலகத்துல. அதனால அங்க ஒருத்தரும் நெலத்த வுட்டு எழும்பல. அந்த ஊரு பங்காளிங்க ரெண்டு பேரு ஜோடியா மோதறாங்க, எவன் டேப்ப எடுத்துட்டு அளக்க வந்தாலும் தூக்கிப் போட்டுடறாங்க. ஜெயிச்சவனுக்குக் குடுக்கற பெல்ட்டு இருக்குதே, அது பீங்கான்ல செஞ்சது. கீழ போட்டு ஒடச்சுட்டா பட்டம் போச்சு. நான் வுழுந்து வுழுந்து சிரிச்சேன். எங்க தெருவுல மீனு விக்கற பாஞ்சாலதான் பொம்பளைங்கள்ல சேம்பியன். டைலரு காத்தவராயன் வில்லன். தன்ன வில்லனாக்கிட்டான்னு கேள்விப்பட்டு கத்தரிக்கோலோட சண்டைக்கு வந்தாரு காத்தவராயன். ஒக்கார வெச்சு வெவரம் சொன்னதும், போறப்ப, இன்னும் ரெண்டு மோசடி சேத்துக்க தம்பின்னுட்டுப் போறாரு.

பிரவுசிங் சென்டர்ல போயி அத இண்டர்நெட்ல போட்டான். எங்கெங்கயோ கனடாவுல, மலேசியாவுல எல்லாம் அத எடுத்து வெளையாடறாங்களாம். விருத்தாசலம்னு நெசமாவே ஊரு இருக்குதான்னு ஒருத்தன் கேட்டிருக்கான். அதெல்லாம் இருக்காது, சும்மா கற்பனைன்னு இன்னொருத்தன் பதில் போட்டிருக்கான். இந்தக் கூத்த எங்க போயி சொல்றது.

எல்லாம் முடிச்சுட்டு ஒரு ஞாயித்துக்கெழம அப்பாவ ஒக்கார வெச்சு படிச்சுக் காட்டுனான். அவுரு ஜெயிச்சதுலேருந்து, ஜப்பான் போனது, தோளுமேல தூக்கிட்டு ஊர்வலம் வந்தது வரைக்கும். கல்யாணத்தப்பகூட அவுரு மூஞ்சி அப்படி இல்லீங்க. அப்பறம் நடுவுல கேட்டாரு, அந்தப் புலி என்னா ஆச்சுன்னு. பையன் சாதாரணமா சொன்னான். அவன் கத அன்னைக்கே முடிஞ்சுதுப்பா. முகமூடி கழண்டுடுச்சு, கம்பெனியில தொரத்திட்டாங்க, அதுக்கப்பறம் அவன் எங்க போனான்னு யாருக்கும் தெரியாதுன்னான்.

அவுரு எழுந்துட்டாரு. சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு. கோயில் பக்கம் போயி ஒக்காந்துட்டு வந்திருப்பாரு போலருக்குது. வந்து, செருப்பகூட கழட்டாம வாசப்படியில நின்னுக்கிட்டு சொன்னாரு. நந்தா, நான் தோத்தேன்னே இருக்கட்டும்டா. மாத்தி எழுதிடு.

பையனுக்கு வந்துச்சு பாருங்க கோவம். வராதா பின்ன? ராவும் பகலும் அப்பாவுக்காக ஒக்காந்து செஞ்சது. அப்ப ஊருல சொல்றதுதான் சரி, ஒனக்கு வுழறதுதான் புடிச்சிருக்குதுன்னுட்டான். பெத்தவர பாத்து சொல்ற பேச்சாங்க அது? இவுரு செருப்ப கழட்டி வெச்சாரு. கால கழுவிட்டு உள்ள போயிட்டாரு. அதுலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. கொழம்புல உப்பு கம்மின்னுகூட எம்மூலமாதான் சொல்லிக்குவாங்க. வேலைக்கு ஆர்டரு வந்தத கூட எங்கிட்டதான் சொன்னான். குஜராத்துல டைல்ஸ் கம்பெனி. இப்படியே மொகம் குடுக்காம அவ்வளவு தூரம் போயிட்டான்னா என்னாத்துக்கு ஆவறதுங்க?

ஒரு நாளு அவன் பக்கத்துல போயி ஒக்காந்தேன். ஏன்டா, இந்த ஒலகத்துல ஒங்கப்பா யார கட்டிக்கிட்டாருன்னு கேட்டேன். அதெல்லாம் இந்த வெளையாட்டுல வராதும்மான்னான். வராதுன்னா எப்படிடா, ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் சுத்திட்டு இருக்கற மனுசன் விருத்தாசலத்துல வந்து என்ன எப்படிக் கட்டுவாரு? என்ன கட்டலன்னா நீ எங்கடா இருக்கறேன்னேன். கம்ப்யூட்டரயே பாத்துக்கிட்டு இருந்தான். கொளஞ்சியம்மா கெட்டிக்காரின்னு நெனைக்காதீங்க, எதையாச்சும் கேட்டு வாய தொறக்க வெக்கணும்னுதான் கேட்டேன்.

மறுநாளு அப்பாகிட்ட போயி, சரி, நீ தோத்தேன்னே வெச்சு இன்னொண்ணு எழுதறேன், கூட வந்து ஒக்காருன்னான். அவ்வளவுதான், வூடு கலகலன்னு ஆயிடுச்சு. ரெண்டு பேரும் சேந்து எழுதறாங்க. இவுரு புலியப் பத்தி சொல்லிக்கிட்டே இருக்காரு. புலிக்கு எடது முட்டி வலிக்கும்டா, மழ வந்தா நொண்டும், வேர்க்கடலன்னா உசுரு, பேசாது, ஆனா சிரிக்கறது கண்ணுல தெரியும்னு. ஒனக்கு எப்படிப்பா இவ்வளவு தெரியும்னு கேக்கறான் பையன். ஒரு தடவ நெஞ்சுமேல ஒக்காந்த ஆளுடா, மறக்குமாங்கறாரு.

அந்த ரெண்டாவது ஒலகத்துல புலி தோக்காம நெறைய நாளு இருக்குது. இவுரு யாருகிட்ட மோதுனாலும் வுழறாரு. ஆனா ஒலகத்துலயே இவுரு மாரி அழகா வுழ ஆளே கெடையாது. எவன் பெரிய ஆளு ஆவணும்னாலும் விருத்தாசலத்துக்கு வந்து இவுருகூட மோதிட்டுதான் போவணுமாம். வெளிநாட்டுப் பசங்களுக்கு மொதல்ல எழுதுனத வுட இதுதான் ரொம்பப் புடிச்சிருக்குதுன்னு நந்தா சொன்னான். இப்ப குஜராத்துலேருந்து போன் பண்ணாக்கூட இவுரு மொதல்ல கேக்கறது, புலி எப்படிடா இருக்குதுன்னுதான். அப்பறந்தான் சாப்புட்டியான்னு கேக்கறதெல்லாம். இப்பகூட ஆத்தூர்ல அவனுக்கு ஒரு பொண்ணு பாக்கதான் போறோம். அவன் நேரா அங்க வந்துடறேன்னிருக்கான்.

ம்? அதான, கத எழுதறதுலயாச்சும் ஜெயிச்சுட்டுப் போவ வேண்டியதுதான, அதுல என்னா கஷ்டம்னு கேக்கறீங்க. பையனுக்கும் அது இன்னமும் புரியல. புரியாது. இவுரு அந்தப் பெரிய மனுசனுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டாரு, முகமூடிக்குள்ள யாருன்னு உசுரு போனாலும் சொல்ல மாட்டேன்னு. அவுரு போயி சேந்து வருசமாச்சு, இவுரு இன்னும் வாய தொறக்கல. நான் ஒண்ணும் யாருக்கும் சத்தியம் பண்ணலையே. நீங்களும் சின்னசேலத்துல எறங்கிடப் போறீங்க.

கம்பெனிக்காரங்க இவுர வுழச் சொல்லவே இல்லீங்க. ஜெயிக்கதான் சொன்னாங்க. புலிக்கு வயசாயிடுச்சு. உள்ளூர்க்காரன வெச்சு சாய்ச்சு, ஜனத்துக்கு முன்னாடி முகமூடிய கழட்டி, அத்தோட ஊருக்கு அனுப்பிடலாம்னு மொதலாளி திட்டம். இவுரு கட்டித் தூக்குனாரு பாருங்க, அப்ப அந்தத் தமிழே தெரியாத ஹங்கேரிப் புலி, இவுரு காதுகிட்ட நல்ல பெண்ணாடத்துத் தமிழ்ல சொல்லுச்சாம். தம்பி, தாயில்லாத பொண்ணு ஒண்ணு வூட்டுல இருக்குது, அதுக்கு ஒரு வழி பண்ற வரைக்கும் இந்த முகமூடி வேணும்யான்னு.

அந்தப் பொண்ணு நாந்தாங்க.

தோ, டீ எடுத்துக்கிட்டு வராரு பாருங்க. அந்தப் பைய செத்த இப்படி நகத்துங்க, அவுரும் ஒக்காரட்டும்.