சுவரில் கன்னம் வைத்த செண்பகவல்லி

நம்ம பெயிண்டர் சங்கத்து அண்ணன் தம்பிகளே, கதை ஒண்ணு இருக்கு. சின்னதுதான், டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவேன். முதல்ல என் மானம் போற விஷயத்தைச் சொல்லிடறேன். ஓதம் ஏறி ஈரம் கசியுற சுவருக்குப் பட்டி பூசி, மேல பளபளன்னு பெயிண்ட் அடிச்சு, வாங்க வர்றவங்க கண்ணை மறைக்கிறதுல கோவில்பட்டியிலேயே நான்தான் பெரிய கை. ஏ மாரிச்செல்வம், நீ ஏன் குனியறே? உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அப்படி ஒரு வீட்டை அடிச்சு முடிச்ச மறுநாள், தரகர் ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்தார். செண்பகவல்லி. தையல்காரம்மா. இருக்கிற வாடகை வீட்டை மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். மகளுக்கு மூச்சு இளைப்பு... ஈரச் சுவர் ஆகவே ஆகாது. கைக்கு எட்டுற விலையில இருந்ததோ இந்த ஒரே வீடு. இப்ப அந்தம்மா என்ன செய்யணும்?

தரகர் ஆரம்பிச்சார், "வாசல் கிழக்கும்மா. காத்து சும்மா அள்ளும்."

அந்தம்மா வாசலைப் பார்க்கவே இல்ல. நேரா உள் ரூமுக்குப் போய்... சுவத்துல கன்னம் வச்சாங்க. திருடன் வைக்கிற கன்னம் இல்லய்யா, தன்னோட கன்னம். பிள்ளைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி, கண்ணை மூடிக்கிட்டு. திருடன் நான்தான், பக்கத்துல பிரஷ் கழுவிட்டிருந்தேன்.

"அண்ணாச்சி, இந்தச் சுவர் மட்டும் ஏன் சில்லுனு இருக்கு?"

"அது... புதுப் பெயிண்ட்டும்மா."

"எதிர்ச் சுவரும் புதுப் பெயிண்ட்தானே? அதுக்கு மட்டும் குளிரலையா?"

கழுவின பிரஷ்ஷையே திரும்பவும் தண்ணியில முக்கினேன்.

"உங்க மகளா இருந்தா இந்த ரூம்ல படுக்க வைப்பீங்களா?"

இதுக்கு மேல எந்தப் பட்டியைப் பூசுறது, நீங்களே சொல்லுங்க? உண்மையைச் சொல்லிட்டேன். குளியலறைக் குழாய் சுவத்துக்குள்ள உடைஞ்சிருக்கு, காரையைக் கொத்தி மாத்தணும், செலவு இழுக்கும்னு.

தரகர் முறைச்சார். "உன்னை யாருய்யா கேட்டா?"

"நான்தான் கேட்டேன்"னாங்க அந்தம்மா.

அப்படியே போயிடுவாங்கன்னு நினைச்சேன். போகல. வீட்டுக்காரரை வரவழைச்சு, அதே சுவத்துக்கு முன்னாடி உட்கார வச்சு, ரிப்பேர் செலவை விலையில கழிச்சுத்தான் வாங்கினாங்க. சுவர் காயற வரைக்கும் தங்கச்சி வீட்டுல இருந்துக்கிட்டாங்க. ரிப்பேர் வேலை யாருக்கு? எனக்கு.

"என்னையாம்மா நம்புறீங்க?"

"மறைச்சவருக்குத்தானே எங்கெங்க ஈரம் இருக்குன்னு தெரியும்."

அதான் சொல்றேன். வீடு வாங்கப் போறவங்களே, குறையைப் பார்த்து ஓடாதீங்க, பளபளப்பைப் பார்த்து மயங்காதீங்க. அந்தம்மா மாதிரி கன்னத்தை வச்சுப் பாருங்க... வாய் திறந்து கேளுங்க. நம்மாளுங்களே, எவனாவது "மறைச்சு அடி"ன்னு சொன்னா, அந்த ரூம்ல படுக்கப் போற பிள்ளையை நினைச்சுக்கோங்க. அன்னையிலேருந்து நான் ஓதத்து மேல பிரஷ் வைக்கிறதில்ல.

பால் காய்ச்சுன அன்னைக்கு, முதல் டம்ளரை என் கையிலதான் கொடுத்தாங்க செண்பகவல்லியம்மா. ஜன்னல் கட்டையில உட்கார்ந்து குடிச்சேன். புது வேட்டி. ஜன்னல், அன்னைக்குக் காலையில நான் அடிச்சது. பச்சை. எந்திரிச்சா, வேட்டியும்.