ஒண்டும் ஊத்தாத நிரை

...பழுது இல்லையோ? பழுது இல்லாட்டி ஒண்டுமே ஊத்தாத நிரையும் ஏன் தம்பி மினுங்குது? உந்த லைட் பெட்டி பழுதுதான்! யாழ்ப்பாணத்திலயிருந்து வேலணைக்குத் திருத்த எண்டு வந்தனீர், வடிவாக் கழட்டிப் பாராமல் சொல்லாதையும்.

இஞ்ச ஆய்வுகூடத்தில என்ன வேலை நடக்குது எண்டு தெரியுமே உமக்கு? வெங்காயத் தாளை முறுக்கி அழிக்குது ஒரு பங்கசு, பூஞ்சணம். சரவணைப் பக்கம் போய்ப் பாரும், தோட்டக்காரர் தலையில கை வைச்சுக்கொண்டு இருக்கினம். அந்தப் பங்கசுக்குள்ள ஒரு புரதம், டி.என்.ஏ.யில போய்க் குந்தினால்தான் நோய் துவங்குமாம். குந்துதோ இல்லையோ எண்டு பாக்க, ரெண்டையும் கலந்து ஜெல்லில நிரை நிரையா ஊத்திக் கறண்டு விடுறது. தனியச் சைக்கிள் உழக்கிறவன் கெதியாப் போவான், பின்னால மாமியை ஏத்தினவன் பிந்துவான், என்ன? அப்பிடித்தான். புரதத்தைச் சுமக்கிற டி.என்.ஏ. பிந்தி நிக்கும். பிறகு சாயம் போட்டு உந்த ஊதா லைட்டில வைச்சால் கோடு கோடாத் தெரியும். இந்த விமலாம்பிகை வார்த்த ஜெல் பிழைக்காது எண்டு ஊரே சொல்லும்!

இப்ப? முழு ஜெல்லும் கோயில் திருவிழாவில சப்பறம் கட்டினமாதிரி ஜொலிக்குது.

எல்லாம் அந்த மாணவி நிலக்சனா ஆய்வுக்கு வந்தாப்பிறகுதான். கெட்டிக்காரப் பிள்ளை, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா தன்ர பெரியப்பா செத்து முப்பத்தொண்டாம் நாள் கழிய முதல் வந்திட்டா, தம்பி! நாங்கள் நயினாதீவில கோயில் பூசை பாக்கிற குடும்பம். சாவுத் துடக்கோட ஒரு சாமான் தொடவிடுவமே? பிள்ளையின்ர மனம் நோகும் எண்டு நான் வாயே திறக்கேல்லை. காலமை காலமை மஞ்சள் கரைச்சுக் கொண்டுவந்து, அவ வரமுதல் ஜெல் தட்டு, கண்ணாடி, பெட்டி எல்லாத்துக்கும் சும்மா ஒரு தெளி. அவ்வளவுதான்.

பேராசிரியர் என்னடாவெண்டால் அவவிட்ட, "ஒரு படமும் தேறேல்லை, ஆய்வை விட்டிட்டுப் போம்" எண்டிட்டார். நானும் சும்மா இருந்தனானே? "கைச் சுத்தம் காணாது பிள்ளை" எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டன். இப்பதான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்சுக்குப் போட்டா. அழுதழுதுதான் போனவ, பாவம். 'பெட்டி பழுது' எண்டு நீர் ஒரு சொல்லுச் சொன்னால் பேராசிரியர் மனம் மாறுவார். அதுக்குத்தானே இவ்வளவு நேரமாக் கத்துறன்!

என்ன, அறை லைட்டை ஏன் நூக்கிறீர், இருட்டெல்லோ? ஊதா லைட்டில கையை வைக்கட்டோ? என்ர கையையோ? ஜெல்லும் இல்லாமலோ? சரி, இந்தா...

ஐயோ, நாகபூசணித் தாயே! விரலெல்லாம் மினுங்குது! நகக்கண்ணும் மினுங்குது!

நீர் ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? ...மஞ்சளோ? மஞ்சள் உந்த லைட்டுக்கு மினுங்குமோ?

...அப்ப, அந்தப் பிள்ளையின்ர ஜெல் எல்லாம்...

தம்பி, பெட்டியை மூடும். மோட்டச்சைக்கிளை எடும். பஸ் மண்கும்பான் தாண்ட முதல் மறிக்கோணும். என்னத்தைச் சொல்லி நான் இறங்கு எண்டுறது? நீரே சொல்லும், மிசின்தான் பழுது, விமலாம்பிகை அக்காவில ஒரு பிழையும் இல்லை எண்டு... வேண்டாம், வேண்டாம். பஸ்சில எத்தினை சனம் இருந்தாலும் நானே சொல்லுறன். நீர் ஸ்டார்ட் பண்ணும்!